வருமுன் எழுதுதல்

இதழியல் பாடநூல்களின் முதற்பக்கத்திலேயே ஒரு நாய் வந்துவிடும். நாய் மனிதனைக் கடித்தால் அது செய்தியன்று. மனிதன் நாயைக் கடித்தால் அதுவே செய்தி. அமெரிக்கப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்த வாய்பாட்டை, திருச்சியில் தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இதழியல் என்னும் விருப்பப்பாடத்தை நடத்திய ஆண்டுகளில் நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் பிழையின்றி ஒப்பிப்பார்கள். ஓராண்டு மட்டும், இலால்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "நாய் கடித்தவனுக்கு ஊசி மருந்து கையிருப்பில் இருந்ததா இல்லையா என்பது செய்தி இல்லையா, சார்?" என்று கேட்டார்.

அன்றுமுதல் அந்த வாய்பாட்டை எழுதும்போதெல்லாம் அக்கேள்வியையும் அதன் கீழே எழுதலானேன். வியப்பானது செய்தி என்று கற்பிக்கிறோம். ஆனால் ஓர் ஊரின் உயிர் பெரும்பாலும் வியப்பற்றவற்றைத்தான் நம்பியிருக்கிறது: மருந்துப் பெட்டி, மாடிப்படி, கிணற்று மூடி, கூரை.

கூரை என்று எழுதும்போது திருவரங்கம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 2004 சனவரி 23, தை மாதத்து முகூர்த்த நாள், வெள்ளிக்கிழமை. திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் தென்னங்கீற்றால் வேயப்பட்டிருந்த தற்காலிகக் கொட்டகையில் தீப்பற்றியது. வெளியேறும் வழியோ குறுகலானது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணமகனும் அவர்களுள் ஒருவர். நான் அப்போது திருவானைக்காவில் குடியிருந்தேன். அன்று மாலை காவிரிப் பாலத்தின் மீது சென்ற பேருந்துகளில் யாரும் உரக்கப் பேசவில்லை. தீவுக்குள் இருந்த நாங்கள் ஒவ்வொருவரும் அத்தகைய கீற்றின் கீழ்ப் பந்தியில் அமர்ந்து உண்டவர்களே. நிழற்படக்காரரின் விளக்கு வெப்பத்தில் வியர்த்திருக்கிறோம். பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறோம். இறங்கும் படி எத்தனை அடி அகலம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த மறுநாள், சனவரி 24, பத்திரிகையாளரின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாள் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1923இல் அவரை அவ்வாறு அறிவித்தார். தற்செயலான பொருத்தம்தான், அதற்குமேல் அதில் தேடவேண்டியதில்லை. ஆயினும் அவர் செய்த வேலை நினைக்கத்தக்கது. தம் சொல்லைக் கேட்க வராத மக்களின் கதவிடுக்குகளில் துண்டுத்தாள்களை எழுதிச் செருகி வந்தவர் அவர். எவரும் விரும்பிக் கேட்காத ஒன்றை எழுதுவதுதான் அவருடைய இதழியல்.

திருவரங்கத்துக்கு முன்பும் கீற்று எரிந்திருக்கிறது. 1997 சூன் 7இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில், காப்பகக் கொட்டகை ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 25க்கும் மேற்பட்டோர் கருகினர். பின்னர்த் திருவரங்கம். அதற்குப் பின் ஆறு மாதங்கூட முழுமையாகக் கழியவில்லை. 2004 சூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கட்டில் எழுந்த நெருப்பு மாடி வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள்.

திருவரங்கத்திலிருந்து கும்பகோணம் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு. சனவரி 24க்கும் சூலை 15க்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில், காவிரிக்கரை ஊர்களில் மாடிமேல் கீற்று வேய்ந்து, ஒரே படிக்கட்டை வைத்துக்கொண்டு, உள்ளே கூட்டம் நிரப்பிய கட்டடங்கள் எத்தனை என்பது மறைபொருளன்று. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். துப்பறியும் நிருபர் தேவையில்லை, கழுத்து வளைந்தால் போதும். தனியொரு செய்தியாளரையோ, ஓர் இதழையோ குறைசொல்ல இதை எழுதவில்லை. திருவரங்கத்தை அழகாகவும் உருக்கமாகவும் எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் திருவரங்கம் ஒரு செய்தியாகத் தொடங்கி, துயரமாக வளர்ந்து, உதவித்தொகை அறிவிப்பில் முடிந்துவிட்டது. கீற்று செய்தியாகவேயில்லை. பள்ளிகளின் கூரையிலிருந்து கீற்றை இறக்குமாறு அரசு முனைந்ததும் கும்பகோணத்துக்குப் பிறகுதான். அவ்வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 சூலை 30இல். பத்தாண்டுகள். ஆண்டுதோறும் சூலை 16இல் மெழுகுவர்த்திப் படத்தோடு நினைவுநாள் செய்தி தவறாமல் வந்தது.

ஏன் இப்படி என்று மாணவர்கள் கேட்டால், மனச்சாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அலுவலகத்தைப் பற்றிப் பேசுவேன். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கம் எப்படி நிரம்புகிறது? காவல் நிலையத்திலிருந்து ஒரு குறிப்பு, ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு, நீதிமன்றம், கட்சி அலுவலகம், அரசு மருத்துவமனை. இவ்விடங்களுக்கெல்லாம் நாள்தோறும் செல்ல ஆள் உண்டு. மாடிப்படிகளுக்குச் செல்ல ஆள் கிடையாது. வட்டத் தலைநகரங்களில் செய்தி அனுப்புவோர் பலருக்கு நிலையான ஊதியம் இல்லை. சிலர் விளம்பரமும் சேர்த்துத் தந்தாக வேண்டும். திருமண மண்டபங்களும் தனியார் பள்ளிகளும் விளம்பரம் தருகிறவை. பிழைப்புக்காக ஒரு நிருபர் எதைப் பார்க்காமல் விடுகிறார் என்பதை நம்மில் சம்பளக்காரர்கள் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடக் கூடாது. ஆனால் இதை மறைத்துவிட்டு அறம் மட்டும் கற்பித்தால் மாணவர் முதல் மாதத்திலேயே ஏமாந்துபோவார்.

கும்பகோணத்துக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. செய்தி அச்சுக்கூடத்தை விட்டுக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அப்போதுதான் நம் மாவட்டமே நாடறிந்த செய்தியாயிற்று. மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபர் 25 மாலை, இரண்டு வயதுக் குழந்தையொன்று வீட்டருகே கைவிடப்பட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் நாள் அதிகாலையில் உடலாக மீட்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ 80 மணிநேரம். இடையில் ஒரு தீபாவளி. அக்குழந்தையின் பெயரைத் தமிழுலகம் முழுவதும் அறியும். ஆயினும் நான் எழுதப் போவதில்லை. ஒரு குழந்தையின் பெயர் அதன் வீட்டாருக்கு உரியது. அதை நாம் அந்த நான்கு நாட்களில் அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டோம்.

அந்த நாட்களில் தொலைக்காட்சியை அணைக்க முடியவில்லை. எங்கள் பங்கிலும் வீடுகளில் செபமாலை சொன்னார்கள்; ஒலியைக் குறைத்துவிட்டு, படத்தை அணைக்காமல் சொன்னார்கள். முதலில் முப்பதடிக்குள் இருந்த குழந்தை 80 அடிக்கும் கீழே நழுவியது. பக்கத்தில் குழி தோண்டிய இயந்திரங்களைப் பாறை தடுத்தது. செய்தி என்று சொல்லத்தக்கது நாளொன்றுக்குச் சில வரிகள்தாம். எஞ்சிய நேரத்தையெல்லாம் எதைக் கொண்டேனும் நிரப்ப வேண்டும். ஊகங்களால் நிரப்பினார்கள், கணினிப் படங்களால் நிரப்பினார்கள், உள்ளே இறக்கிய கேமராவில் தெரிந்த சிறு கையைத் திரும்பத் திரும்பக் காட்டி நிரப்பினார்கள்.

இவ்வழக்கம் நம் ஊரில் தோன்றியதன்று. 1949 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சான் மரினோவில் மூன்று வயதுச் சிறுமி பழைய கிணற்றுக் குழாயில் விழுந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சி நிலையமொன்று ஏறத்தாழ 27 மணிநேரம் இடைவிடாமல் ஒளிபரப்பியது. தொலைக்காட்சிப் பெட்டியே அரிதாயிருந்த காலம் அது. அச்சிறுமி பிழைக்கவில்லை. 1987 அக்டோபரில் டெக்சாஸின் மிட்லண்டில் விழுந்த குழந்தை 58 மணிநேரத்துக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டது. 2006 சூலையில் அரியானாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 50 மணிநேரத்துக்குப் பின் மீண்டபோது இந்தியத் தொலைக்காட்சிகள் புதிய பாடமொன்றைக் கற்றன: கிணற்றினுள் இருக்கும் குழந்தையை நாடு விடாமல் பார்க்கும். மீட்பு நிகழலாம் என்னும் நம்பிக்கைதான் நம்மைத் திரையின் முன் அமர்த்துகிறது. அந்த நம்பிக்கை பொய்யானதன்று, இழிவானதுமன்று. அதை விளம்பர இடைவேளைகளாகப் பகுத்து விற்கலாம் என்பதுதான் சிக்கல்.

நடுக்காட்டுப்பட்டியின் ஒரு காட்சியைப் பற்றி எங்கள் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் வாதிட்டோம். குழந்தையைத் தூக்குவதற்கு ஒரு துணிப்பை தேவை என்று மீட்புக் குழுவினர் கேட்க, அந்தத் தாயே தையல் இயந்திரத்தில் அமர்ந்து அதைத் தைத்துக் கொடுத்தார். அப்படம் எங்கும் பரவியது. அதை எடுத்தது சரியா? தனிமனிதத் துயரத்தில் நுழைதல் என்றனர் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அழாமல், மயங்காமல், தன் தொழிலறிவைக் கொண்டு மகனுக்காகச் செய்யக்கூடிய ஒன்றைச் செய்துகொண்டிருந்த தாயை அது காட்டியது. வேறெந்தச் சொல்லும் அவரை அவ்வளவு மதிப்போடு காட்டவில்லை. ஆனால் அதே தாயிடம் ஒலிவாங்கியை நீட்டி, மனம் என்ன பாடுபடுகிறது என்று கேட்பது வேறு. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருவர், "முகத்தை விட்டுவிட்டுக் கைகளையும் துணியையும் மட்டும் எடுத்திருக்கலாமே" என்றார். இருபது ஆண்டுகள் கற்பித்த நான் அப்படி யோசித்ததில்லை.

எனினும் என்னை உறுத்துவது காட்டிய படம் அன்று. ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த உச்ச நீதிமன்றம், ஆழ்துளைக் கிணறுகள் குறித்த நெறிமுறைகளை 2010 பிப்ரவரியிலேயே வகுத்துவிட்டது. தோண்டுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். தோண்டும் இடத்தைச் சுற்றி வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயின் வாயை இரும்பு மூடியால் அடைக்க வேண்டும். கைவிடப்பட்ட கிணற்றை மண்ணும் மணலும் கல்லும் இட்டுத் தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். நடுக்காட்டுப்பட்டிக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன். அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்தவொரு நாளும், எந்தவோர் ஊராட்சியிலும், திறந்து கிடந்த குழாயொன்றைப் படமெடுத்துப் போட்டிருக்கலாம். சாக்கைச் சுருட்டித் திணித்த குழாய்களையும் கல்லைத் தூக்கி வைத்த குழாய்களையும் மணப்பாறைப் பக்கம் நடந்த எவரும் பார்த்திருப்பார்கள். குழந்தை விழுந்த பிறகு மாநிலமெங்கும் கிணறுகளை மூட ஆணைகள் பறந்தன. நேரலை ஊர்திகள் அடக்கம்வரை உடன்சென்றுவிட்டு, பிறகு தம் வழியே போயின.

அச்சிதழ்களுக்காக 1978இன் சட்டத்தின்கீழ் இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது. செய்தித் தொலைக்காட்சிகள் 2008இல் தமக்கெனத் தாமே ஓர் ஒழுங்கமைப்பை அமைத்துக்கொண்டன. அவற்றின் நெறிகளை வகுப்பில் வரிக்குவரி படித்திருக்கிறோம். பொய் கூடாது, அவதூறு கூடாது, துயரத்தில் இருப்போரைத் துன்புறுத்தக் கூடாது என்பன போன்ற நல்ல விதிகள். பெரும்பாலும் அவை எழுதியதைப் பற்றிய விதிகள். எழுதாமல் விட்டதைப் பற்றி அவை பேசுவது குறைவு. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடும் குற்றங்களில் கடமையில் தவறியதும் ஒன்றாக இருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். இதழியலின் பாவசங்கீர்த்தனத்தில் அந்த ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கான தம் செய்தியில், செய்தியின் நடுவே இருப்பது அதன் விரைவோ, அது எட்டும் பார்வையாளர் தொகையோ அன்று, மனிதர்களே என்று நினைவூட்டினார். பொய்ச்செய்தியைப் பற்றிய மடல் அது. உண்மையான செய்தியும் நேரம் தவறி வந்தால் என்ன ஆகும் என்பதையும் அதனோடு சேர்த்துப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் வகுப்பறையில் கற்பிக்க முடியுமா? ஐயம் எனக்கும் உண்டு. நம் ஊர் எழுத்தாளர்கள் பட்டயம் பெற்று எழுத வந்தவர்கள் அல்லர். பின்னாளில் கவிஞர் வாலியான திருவரங்கத்து இளைஞர் 'நேதாஜி' என்று கையெழுத்து இதழ் நடத்தினார். திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய 'சிவாஜி' இதழ், 1953இல் இன்னொரு திருவரங்கத்து இளைஞரின் முதற்கதையை வெளியிட்டது. தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த அவர் பின்னர் சுஜாதா ஆனார். அந்தச் சிற்றிதழ்களே பள்ளிக்கூடங்கள். ஒன்றுபட்ட இந்தியாவில் 1941இல் லாகூரிலும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியலுக்கெனத் துறைகள் தோன்றின. இப்போது கேமராவும் படத்தொகுப்பும் கற்பிக்காத கல்லூரி அரிது. கருவி கற்பிக்கிறோம்; தெருவில் எங்கே நிற்பது என்று கற்பிக்கிறோமா?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. கும்பகோணத்துக்குப் பின்வந்த கல்வியாண்டு முதல், பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவரும் 'நிகழாத செய்தி' ஒன்றை எழுதித் தரவேண்டும் என்று வைத்தேன். யாருடைய அனுமதியுமின்றித் தெருவிலிருந்தே பார்க்கக்கூடியதாக அது இருக்கவேண்டும். கையில் அளவுநாடா வேண்டும். அதற்குரிய விதி என்ன, எந்த ஆண்டில் வந்தது என்று கண்டறிய வேண்டும். உரியவரைக் கண்டு அவர் பக்கத்தையும் கேட்கவேண்டும். 'அதிர்ச்சி', 'பரபரப்பு' என்னும் இரு சொற்களும் வந்தால் தாள் திரும்பிவிடும். முதலில் சலித்துக்கொள்வார்கள். ஒன்றுமே நடக்கவில்லையே, எதை எழுதுவது என்பார்கள். பிறகு ஒருவர் சாக்கடை மூடியை எழுதுவார், ஒருவர் பள்ளிச் சுற்றுச்சுவரின் விரிசலை எழுதுவார், ஒருவர் தம் சித்தப்பாவின் வயலில் இருந்த குழாயையே எழுதி வீட்டில் வசைபட்டு வருவார்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாணவி திருமண மண்டபம் ஒன்றை எழுதினார். மேலே உணவுக்கூடம், முன்படி மூன்றரை அடி அகலம், பின்னால் இன்னொரு படி உண்டு, ஆனால் அதன் கதவு பூட்டி, அண்டாக்களும் மடக்கு நாற்காலிகளும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. மேலாளர், "பாத்திரம் திருட்டுப் போகிறது அம்மா, அதனால்தான்" என்றார். அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். தினசரி ஒன்றின் அலுவலகத்துக்குத் தாமே எடுத்துச் சென்றார். அங்கே மேசையில் இருந்தவர் படித்துவிட்டு, "நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் ஒன்றும் நடக்கவில்லையே?" என்று திருப்பித் தந்தார். பின்னர் உள்ளூர் வார இதழொன்றில், மண்டபத்தின் பெயர் நீக்கப்பட்டு, எட்டு வரிகளாக வெளிவந்தது. அந்த எட்டு வரிகளை யார் யாரிடம் காட்டினார்களோ, அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது அண்டாக்கள் இடம் மாறியிருந்தன. கதவில் பூட்டு இல்லை.

ஆவணியில் அதே மண்டபத்தில் அவர் உறவினர் வீட்டுத் திருமணம். பந்திக்குப் போகுமுன் பின்பக்கம் சென்று பார்த்திருக்கிறார். அண்டாக்கள் மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. பூட்டு மட்டும் புதிது. திங்கட்கிழமை காலை, இரண்டு தேதிகளையும் குறித்த புதிய தாளோடு என் முன் நின்றார். "அதே செய்தியை மறுபடியும் எழுதலாமா, சார்?" என்றார். மூன்று படிகள் எடுக்கச் சொன்னேன். ஒன்றை மண்டப உரிமையாளருக்கும் ஒன்றைத் தீயணைப்பு நிலையத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். மூன்றாவதை வேறொரு தினசரிக்கு அனுப்பினோம், அது வெளிவரவில்லை. கார்த்திகை முகூர்த்தத்துக்கு முன் அவர் அளவுநாடாவோடு மறுபடியும் போனார்.